அதே ரெண்டு எம்.எல்.

போன மாதம் எங்கள் வார்டுக்குப் புதிதாக நர்ஸ்கள் எடுக்க ஒரு எழுத்துத் தேர்வு வைத்தோம். பத்துக் கேள்வி, அரை மணி நேரம், எல்லாமே டோஸ் கணக்கு. ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் பத்துக்கு மூன்று வாங்கினாள். விடைத்தாளைத் திருத்தியது நான்தான். நான்காவது கேள்வி மக்னீசியம் சல்பேட். 50 சதவீத ஆம்பியூலை வைத்து, 20 சதவீதக் கரைசலாக 4 கிராம் தயார் செய்ய வேண்டும். மருந்து எத்தனை மில்லிலிட்டர், சலைன் எத்தனை மில்லிலிட்டர்? பிரசவ வார்டில் வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு முதலில் போடுகிற அதே டோஸ்தான். அவள் சூத்திரத்தைச் சரியாக எழுதி, எண்களை இடம் மாற்றிப் போட்டு, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் 40 மில்லிலிட்டர் என்று விட்டிருந்தாள். தாளின் ஓரத்தில் பேனா அழுத்தி ஓட்டை விழுந்திருந்தது.

ரிசல்ட் சொன்ன பிறகு வராண்டாவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, அவளை டிரீட்மென்ட் அறைக்குக் கூப்பிட்டு, டிரேயில் மக்னீசியம் ஆம்பியூல்களையும் ஒரு சலைன் பாட்டிலையும் சிரிஞ்சையும் வைத்தேன். அதே கேள்வியைத் தமிழில் கேட்டேன். அவள் ஆம்பியூலைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பினாள். "சிஸ்டர், ரெண்டு எம்.எல்.ல ஒரு கிராம் இருக்குது. நாலு கிராமுன்னா நாலு ஆம்பியூல், எட்டு எம்.எல்." கொஞ்சம் நிறுத்தி யோசித்தாள். "இருபது பர்சென்ட்னா நூறு எம்.எல்.க்கு இருபது கிராம். அப்ப நாலு கிராமுக்கு மொத்தம் இருபது எம்.எல். வரணும். பன்னெண்டு எம்.எல். சலைன் சேர்க்கணும்." ரெண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மீதி ஆறு கேள்விகளையும் இப்படியே பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டேன். ஆறும் சரி.

தேர்வுக் குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர், "மார்க் மார்க்தான், எல்லாருக்கும் ஒரே தாள்" என்றார். இன்னொருவர், "இப்பல்லாம் மருந்து ஏத்த பம்ப் இருக்கு, போன்ல ஆப் இருக்கு. கணக்குத் தேர்வே வேண்டியதில்லை" என்றார். ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள், நல்ல வேலைக்காரர்கள். ஆனால் ரெண்டு பதிலுமே எனக்குள் இறங்கவில்லை. மூன்று வாரமாக காட்பாடியிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு வருகிறேன். காரணம் இருக்கிறது. அந்தத் தாளில் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கக்கூடிய ஒரு நர்ஸ், ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குத் தப்பான டோஸ் போட்டதை நான் அறிவேன். அது நான்தான்.

2006, மே மாதம்

ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமா முடித்து ரெண்டாவது வருடம். வேலூர் டவுனில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நர்சிங் பள்ளியில் டோஸ் கணக்கில் நான்தான் முதல். வேண்டிய அளவை இருக்கிற அளவால் வகுத்து, அது எத்தனை மில்லிலிட்டரில் இருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொட்டுக் கணக்கும் அப்படித்தான். 500 மில்லிலிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட்டில் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு என்று பேப்பர் தொடாமல் சொல்வேன். எனக்கு அதில் பெருமையும் உண்டு.

வேலூர் மே மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மலை எல்லாம் பாறை. பகல் முழுக்கக் காய்ந்து ராத்திரி முழுக்கச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். அன்றைக்கு நைட் டியூட்டி. குழந்தைகள் வார்டில் பதினான்கு பேர், நான் ஒருத்தி, ஒரு ஆயாம்மா. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து மூத்திரத் தொற்றும் காய்ச்சலுமாக வந்திருந்த மூன்று வயதுப் பையன் ஒருவன் ஓரக் கட்டிலில் இருந்தான். எடை 13 கிலோ. அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்தது, கிலோவுக்கு ஏழரை மில்லிகிராம் வீதம் ரெண்டு வேளை. கணக்குப் போட்டால் தொண்ணூற்றேழரை, டாக்டர் 100 என்று எழுதியிருந்தார். குழந்தைகள் வார்டில் நாங்கள் வைத்திருந்த குப்பி 2 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். அதனால் எங்கள் பேச்சில் அது வெறுமனே "ஒரு வையல்". ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கிற ஹேண்டோவரிலும் அப்படித்தான் சொன்னார்கள்: "ஓரக் கட்டில், அமிகாசின் ஒரு வையல், பத்து மணிக்கு." நானும் முந்தின ரெண்டு ராத்திரி அப்படித்தான் போட்டிருந்தேன்.

டிரேயில் குப்பி இருந்தது. மேல் மூடியைத் தட்டி, ரெண்டு மில்லிலிட்டரை முழுக்க உறிஞ்சி, குழந்தைகளுக்கான, அளவுக்கோடு போட்ட பியூரெட் செட்டில் சேர்த்து, 50 மில்லிலிட்டர் கோடு வரை சலைன் நிரப்பினேன். ஒரு மணி நேரத்தில் போக வேண்டும். அந்த செட்டில் 60 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்பதால் ஒரு வசதி உண்டு, மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. ஐம்பது சொட்டு. கடிகாரம் பார்த்து எண்ணி வைத்தேன். அவன் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் பத்து ஐந்து.

அந்த ஆஸ்பத்திரியில் போட்ட மருந்தை எல்லாம் நர்ஸ்தான் பில் தாளில் எழுத வேண்டும், பெயரும் விலையும். எல்லாக் கட்டிலையும் முடித்துவிட்டு, பத்தே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும், டிரேயில் கிடந்த காலிக் குப்பிகளை வரிசையாக வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அமிகாசின் விலை மனப்பாடம். இருந்தாலும் புது ஸ்டாக் என்றால் விலை மாறியிருக்கும் என்று லேபிளைத் திருப்பினேன். விலை மாறித்தான் இருந்தது. ரொம்பவே மாறியிருந்தது. அதற்கு மேல் வரியில் 500 மில்லிகிராம், 2 மில்லிலிட்டர் என்று இருந்தது.

குழந்தைக்குப் போடும்போது படிக்காத லேபிளை, காசுக்காகப் படித்தேன். இருபது வருடம் ஆகப் போகிறது, இந்த ஒரு வரியைச் சமீபம் வரை என்னால் யாரிடமும் முகம் பார்த்துச் சொல்ல முடிந்ததில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஓடினேன். கிளாம்பை மூடினேன். பியூரெட்டில் 20 மில்லிலிட்டர் மிச்சம் இருந்தது. ஐம்பதில் முப்பது போய்விட்டது. ஐம்பதுக்கு 500 என்றால் முப்பதுக்கு 300. என் வாழ்க்கையில் அவ்வளவு எளிதான கணக்கை நான் போட்டதில்லை, அந்த அளவுக்குக் கை நடுங்கியதும் இல்லை. சிறுநீரகத்தையும் உள்காதையும் கெடுக்கக்கூடிய மருந்து அது. காது போனால் போனதுதான், திரும்பி வராது. படிக்கும்போது ஒரு மார்க் கேள்வி அது. அப்போது அது ஓரக் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை.

டியூட்டி டாக்டர் வந்தார். என்னைத் திட்டவில்லை. என் கணக்கை நம்பவும் இல்லை. குப்பியை வாங்கிப் படித்தார், பியூரெட்டைக் கண் மட்டத்தில் பார்த்தார், தானே தனியாகப் போட்டுப் பார்த்தார். ஒரு நாளைக்கு இவனுக்கு 200 போக வேண்டும், காலையில் 100, இப்போது 300, ஆக 400, ரெண்டு நாள் மருந்து ஒரே நாளில். நாளைக்கு ரெண்டு வேளையும் நிறுத்து, டிரிப்ஸ் ஓடட்டும், மூத்திரத்தை அளந்து எழுது, சிறுநீரகம் பார்க்கக் கிரியாட்டினின் டெஸ்ட் அனுப்பு, பிறகு காதுப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறேன் என்றார். அப்புறம், "அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

"நானும் பாத்துகினே தான இருந்தேன்"

போய்ச் சொன்னேன். "மருந்து அளவு தப்பாயிடுச்சும்மா. கொஞ்சம் கூடுதலாப் போயிடுச்சு" என்றேன். அந்த அம்மா நிலக்கடலைக் காட்டில் கூலி வேலை செய்பவள். பையனை ஒருமுறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா சிஸ்டர் சொல்ற? நேத்து ரெண்டு ஊத்துன. காத்தால வேற சிஸ்டர் ரெண்டு ஊத்துனாங்க. இப்பவும் ரெண்டு தான ஊத்துன? நானும் பாத்துகினே தான இருந்தேன்."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது சரி. மூன்று நாளாக அவள் சிரிஞ்சில் இருக்கிற கோட்டை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். படிப்பு இல்லாத ஒருத்தி, தன் பிள்ளைக்கு என்ன போகிறது என்பதை அவளால் முடிந்த வழியில் கணக்கு வைத்திருக்கிறாள். அந்தக் கணக்கும் என் கணக்கும் ஒன்றேதான். நானும் ரெண்டு எம்.எல். என்றுதான் எண்ணினேன். பள்ளியில் முதலாவதாக வந்தவளும் பள்ளிக்கே போகாதவளும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறோம்.

"ரெண்டுதான்மா. ஆனா இந்த மருந்து காட்டம் ஜாஸ்தி. அதை நான் பாக்கலை" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "அதே டம்ளர் மோரு. உப்பு மட்டும் ஜாஸ்தி. அதான?"

"ஆமாம்மா."

"எவ்ளோ ஜாஸ்தி?"

"ஒரு வேளைக்குப் போறதை விட மூணு மடங்கு."

"பூராவும் எறங்கியிருந்தா?"

"அஞ்சு மடங்கு."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். டாக்டர் காதைப் பற்றி விளக்கியபோது மட்டும் பையனின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க, பையன் புரண்டு படுக்கும்போதெல்லாம், அவன் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கண்ணாடி வளையலைக் குலுக்கினாள். அவன் கண் சிமிட்டினால் நிறுத்துவாள். அரை மணி கழித்து மறுபடியும் குலுக்குவாள். விடிகிற வரை அந்தச் சத்தம் வார்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொரு மணிக்கும் மூத்திரத்தை அளந்து எழுதினேன்.

ரெண்டு நாள் கழித்துக் கிரியாட்டினின் சரியாக இருந்தது. மூன்று வாரம் கழித்துக் காதுப் பரிசோதனையும் சரி என்று வந்தது. இடையில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் வந்த இன்சார்ஜ், "பிள்ளைதான் நல்லா இருக்கே, சார்ட்ல எதுக்கு எழுதணும்? நாளைக்கு உனக்குத்தான் பிரச்சினை" என்றார். என் நன்மைக்காகத்தான் சொன்னார். டாக்டர் யாரையும் கேட்காமல் தன் கையால் சார்ட்டில் எழுதினார், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, எதனால் என்று. அந்த வாரமே பெரியவர்களுக்கான குப்பியைக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்புவதை ஸ்டோரில் நிறுத்தினார்கள். எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த நைட் டியூட்டியில் இன்னொருத்தி அதே குப்பியைத் தட்டித் திறந்திருப்பாள்.

எம்.எல். பேச்சு

அப்புறம் ரொம்ப நாள் யோசித்தேன். எனக்குச் சூத்திரம் தெரியும், பெருக்கல் வகுத்தல் தெரியும், எடையும் தெரியும். எங்கே விட்டேன்? 'இருக்கிற அளவு' என்ற இடத்தில். அங்கே கையில் இருந்த குப்பியின் எண்ணைப் போடாமல் நேற்றைய குப்பியின் எண்ணைப் போட்டுவிட்டேன். அதுவும் எண்ணாகக்கூட இல்லை, "ஒரு வையல்" என்ற சொல்லாக. மில்லிகிராம் என்பது ஹேண்டோவரிலேயே தொலைந்து போயிருந்தது. நான் டிரேக்கு வந்தபோது கணக்குப் போட அங்கே எதுவுமே மிச்சமில்லை.

வார்டில் கவனித்துப் பாருங்கள், நாங்கள் பேசுவது எல்லாம் இப்படித்தான் இருக்கும். "அரை ஆம்பியூல் அட்ரினலின்", "ஒரு சிசி ஹெப்பரின்", "கால் வையல்". அட்ரினலின் ஆம்பியூலில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதால் அரை ஆம்பியூல் என்றால் அரை மில்லிகிராம், சரியாக வந்துவிடும். அது சரியாக வருவதுதான் ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பரினில் ஒரு சிசி, அதாவது ஒரு மில்லிலிட்டர், என்பது 1000 யூனிட்டாகவும் இருக்கலாம், 5000 யூனிட்டாகவும் இருக்கலாம். ரெண்டும் 5 மில்லிலிட்டர் குப்பியில் வருகிறது. அமிகாசின் 100, 250, 500 என்று மூன்று வலுவில் வருகிறது, மூன்றும் 2 மில்லிலிட்டர். அந்தப் பையனுக்கு வேண்டிய 100 மில்லிகிராம் முதல் குப்பியில் 2 மில்லிலிட்டர், ரெண்டாவதில் 0.8, மூன்றாவதில் 0.4. அந்த 0.4-ஐயும் முன்னால் பூஜ்யம் போடாமல் வெறும் புள்ளி நாலு என்று எழுதினால், மங்கிய விளக்கில் புள்ளி தெரியாமல் நாலாகிவிடும். பத்து மடங்கு.

வீட்டிலும் இதே கதைதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் இல்லாத வீடு இல்லை. சொட்டு மருந்து என்றால் ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம். சிரப் என்றால் 5 மில்லிலிட்டரில் 125, இன்னொரு சிரப்பில் 250. பத்துக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 வீதம் 150 மில்லிகிராம் என்று வையுங்கள். சொட்டு மருந்தில் அது ஒன்றரை மில்லிலிட்டர், ஒரு சிரப்பில் 6, மற்றதில் 3. டாக்டர் சிரப்புக்கு "ஆறு எம்.எல்." என்று சொல்லியிருப்பார். ராத்திரி சிரப் தீர்ந்து, பக்கத்து வீட்டில் சொட்டு மருந்து வாங்கி அதே ஆறு எம்.எல். ஊற்றினால் 600 மில்லிகிராம், நான்கு மடங்கு. கல்லீரல் தாங்க வேண்டிய மருந்து அது. "எத்தனை எம்.எல். குடுக்கணும் சிஸ்டர்?" என்று அம்மாக்கள் கேட்கும்போது நான் இப்போதெல்லாம் நேரே பதில் சொல்வதில்லை. பாட்டிலைக் காட்டச் சொல்கிறேன்.

இன்சுலின்தான் இதில் பெரிய பூதம். நம் நாட்டில் ரெண்டு வலு புழங்குகிறது, ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் ஒன்று, 100 யூனிட் ஒன்று. அதற்கேற்ற சிரிஞ்சும் வேறு, சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. சில வருடம் முன்பு குடியாத்தத்திலிருந்து ஒரு லுங்கி நெசவுக்காரரைக் கொண்டுவந்தார்கள். வியர்வையில் சட்டை நனைந்து, பேச்சு குழறி, சர்க்கரை 38-க்கு இறங்கியிருந்தது. பல வருடமாக 20 யூனிட் போட்டுக்கொள்பவர். டாக்டர் புதிதாக 100 வலு பேனா இன்சுலின் எழுதியிருக்கிறார், பேனா பழகாத மகன் அந்த கார்ட்ரிட்ஜிலிருந்து வீட்டிலிருந்த சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சி, வழக்கம்போல 20 கோடு வரை போட்டிருக்கிறான். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு என்பது அரை மில்லிலிட்டர். 100 வலு இன்சுலினில் அரை மில்லிலிட்டர் என்பது 50 யூனிட். குளுக்கோஸ் ஏற்றி அவர் கண் திறந்த பிறகு மகன் என்னிடம் சிரிஞ்சைக் காட்டி, "இருபதுதான் சிஸ்டர் போட்டேன், கோடு பாருங்க" என்றான். அணைக்கட்டு அம்மாவின் குரல் அப்படியே கேட்டது எனக்கு.

கணக்கு என்றால் என்ன

எடையை வைத்துப் பெருக்குவதுதான் டோஸ் கணக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் முழு உண்மை இல்லை என்று எனக்குக் காட்டியது பாம்புக்கடி. நம் பக்கம் கடலைக் காடும் கரும்புத் தோட்டமும் ஜவ்வாது மலையும் இருக்கும்போது பாம்புக்கடி பார்க்காத வார்டு ஏது? ஒரு தடவை கண்ணாடி விரியன் கடித்த நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு டாக்டர் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து எழுதினார். என்னோடு இருந்த சின்ன நர்ஸ் தயங்கி, "பெரியவங்களுக்குத்தானே சிஸ்டர் பத்து? இது பதினாலு கிலோதான்" என்றாள். கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. ஆனால் பாம்பு எடை பார்த்துக் கடிப்பதில்லை. பெரியவர் உடம்பில் இறக்குகிற அதே விஷத்தைத்தான் குழந்தை உடம்பிலும் இறக்குகிறது. முறிக்க வேண்டியது விஷத்தை, ஆகவே குழந்தைக்கும் அதே பத்து. மருந்து எதை நோக்கிப் போகிறது என்று தெரிந்தால்தான் எதால் பெருக்குவது, பெருக்கவே வேண்டுமா என்பது தெரியும். ஆப் இதைக் கேட்காது. எடையைக் கேட்கும், நாம் கொடுப்போம்.

பம்ப்பும் அப்படித்தான். ஐ.சி.யூ.வில் ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற நார்அட்ரினலின் 4 மில்லிகிராமை 50 மில்லிலிட்டரில் கலக்கிறோம், மில்லிலிட்டருக்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டும் என்றால் மணிக்கு 360 மைக்ரோகிராம், அதாவது நாலரை மில்லிலிட்டர். பம்ப்பில் 4.5 என்று அழுத்தினால் 4.5 போகும். பக்கத்து ஷிஃப்டில் ஆம்பியூலை ரெட்டிப்பாகப் போட்டுக் கலந்திருந்தாலும் 4.5தான் போகும், மருந்து மட்டும் ரெண்டு மடங்கு. சிரிஞ்சின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று படிக்க ஒரு ஆள் வேண்டும். பம்ப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வந்த பிறகு எத்தனை உயிர் பிழைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நான்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துப் பிழைகளைக் குறைப்பதையே ஒரு உலகளாவிய இயக்கமாக அறிவித்தது. ஒவ்வொரு செப்டம்பர் 17-ம் நோயாளிப் பாதுகாப்பு நாள். 2022-ல் அதன் பொருளே மருந்துப் பாதுகாப்புதான். அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் பேனர் கட்டுகிறோம், உறுதிமொழி படிக்கிறோம். ஆபத்தான மருந்துகளை ரெண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ரெண்டாவது ஆள் எதிர் வார்டில் இருப்பாள். வந்தாலும் "நான் பாத்துட்டேன், நீ கையெழுத்து மட்டும் போடு" என்பதுதான் நடக்கும். அந்த டாக்டர் செய்தது போல, என் விடையைக் கேட்காமல் தானே குப்பியைப் படித்துத் தானே போட்டுப் பார்ப்பதுதான் சரிபார்ப்பு. கேட்பவளைப் பார்த்து "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவள் அடுத்த முறை கேட்கமாட்டாள். நான் சொல்லியிருக்கிறேன். ரெண்டு மூன்று முகங்கள் ஞாபகம் இருக்கிறது.

மொழியைப் பற்றியும் ஒன்று. நம் ஊரில் நர்சிங் படிப்புக்கு வயது நூறுக்கு மேல். 1909-லேயே சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் இங்கே பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார், 1946-ல் பட்டப்படிப்பும் வந்தது. இன்றைக்குத் தோட்டப்பாளையத்தில் நின்றால் வங்காளம், இந்தி, தெலுங்கு, உருது எல்லாம் காதில் விழும். கடைப் பலகைகூட வங்காளத்தில் இருக்கிறது. நோயாளியிடம் நாலு மொழியில் பேசக் கற்றுக்கொள்கிற நாம், பன்னிரண்டாவது வரை தமிழில் கணக்குப் போட்ட ஒரு பெண்ணிடம் மட்டும் ஆங்கிலத்தில் ஐந்து வரிக் கேள்வியைக் கொடுத்து மூன்று நிமிடத்தில் விடை கேட்கிறோம். அந்த ஒடுகத்தூர்ப் பெண் தடுமாறியது கேள்வியைப் பிரித்து எடுப்பதில். ஆம்பியூல் கைக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது லேபிளைத் திருப்பியதுதான். யாரும் சொல்லவில்லை. 2006-ல் நான் செய்யாததை அவள் தானாகச் செய்தாள்.

மறுபடி குழுவில் பேசினேன். பையனின் கதையையும் சொன்னேன், பில் தாள் வரைக்கும். ஆப் என்று சொன்னவர் ஒன்றும் பேசவில்லை. மார்க் மார்க்தான் என்றவர், "சரி, எல்லாருக்கும் ஒரே டிரே வைங்க, அப்ப ஒத்துக்கறேன்" என்றார். நியாயமான பேச்சு. வருகிற திங்கட்கிழமை, முதல் சுற்றில் தேறாமல் போன பதினோரு பேரையும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறோம். தாளும் உண்டு, டிரேயும் உண்டு. கேள்வியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ, தேர்வுக்கு வருகிறவர் விருப்பப்படி நான் படித்துக் காட்டுவேன். கால்குலேட்டர் தரப்போகிறோம்.

டிரேயை நேற்று அடுக்கிப் பார்த்தேன். பார்மசியில் கேட்டு வாங்கிய அமிகாசின் குப்பி மூன்று, மூன்று வலுவிலும் ஒன்று. சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒன்று, ஆரஞ்சு மூடி ஒன்று. பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும். மக்னீசியம் ஆம்பியூல் நாலு. எடை 13 கிலோ என்று எழுதிய ஒரு சார்ட். அமிகாசின் குப்பிகளை லேபிள் சுவர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன்.